வலது காது

ராணுவக் காகிதங்களில் காயம் இரண்டே வகைதான். ஒன்று ‘பேட்டில் கேஷுவாலிட்டி’. சண்டையில் எதிரியின் செயலால் பட்ட காயம். மற்றது ‘ஃபிசிகல் கேஷுவாலிட்டி’. குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து ஜீப் புளியமரத்தில் மோதியதுவரை மிச்சம் எல்லாமும் அதில் அடங்கும். உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எலும்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான் முறிகிறது. ஆனால் ஒரு பதக்கம் உண்டா இல்லையா, ஓய்வூதியம் எவ்வளவு, ஊர்க் கடைத்தெருவில் ஒரு மனிதர் எப்படி நடந்துபோவார் என்பதெல்லாம் இந்த இரண்டில் எந்தச் சொல் எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது.

என் பெரியப்பாவின் காகிதத்தில் இரண்டாவது சொல் இருக்கிறது. அதை முதல் சொல்லாக மாற்றச் சொல்லி 1996இலிருந்து மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அறந்தாங்கி பேருந்து நிலையம் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் முடித்தேன். அன்றிலிருந்து அவருடைய மனுக்களுக்கு நான்தான் கை. ‘ஹம்ப்ளி’, ‘கைண்ட்லி’, ‘ஹானரபிள்’ ஆகிய சொற்களை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. பெரியப்பாவின் வலது காதில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, தஞ்சாவூர் குடித்து, பட்டுக்கோட்டை குடித்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. அதனால் இங்கே ஒரு வீட்டுக்கு மூன்று பையன்கள் என்றால் ஒருவன் வயலில் நிற்பான், ஒருவன் சிங்கப்பூர் அல்லது சவூதி, ஒருவன் பட்டாளம். பெரியப்பா 1977இல் திருச்சியில் ஆளெடுப்புக்கு நின்று டிரைவராகச் சேர்ந்தார். மார்பளவு அரை அங்குலம் குறைந்ததாம். மூச்சை இழுத்துப் பிடித்து நின்றதை இன்றைக்கும் நின்று காட்டுவார். ஷக்திமான் லாரி. ராஜஸ்தான், சிக்கிம், திரும்பவும் ராஜஸ்தான். ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியதாகச் சான்றிதழ் ஒன்று வைத்திருக்கிறார். அது ரொம்ப முக்கியம். பின்னால் சொல்கிறேன்.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குப் போனது. பெரியப்பாவும் போனார். முதல் இரண்டு மாதம் அவருக்கு அங்கே ராஜமரியாதை. இந்திக்காரர்கள் நிறைந்த படையில் தமிழ் பேசுகிற ஆள். கடைக்காரர்கள் காசு வாங்கவில்லை. ஒரு வீட்டில் கூப்பிட்டு உட்காரவைத்து ஒடியல் கூழ் கொடுத்தார்கள். “நம்ம மணமேல்குடியில இருக்கற மாதிரிதான் ஆத்தா இருந்துச்சு. பனை மட்டும் ஜாஸ்தி” என்பார். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் எங்களுக்கு ஒரு மணிநேரத் தூரத்துக் கடற்கரை. அங்கிருந்து பார்த்தால் யாழ்ப்பாணம் சென்னையைவிடப் பக்கம்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் சண்டை தொடங்கியது. யார் தொடங்கினார்கள், யார் தூண்டினார்கள் என்பது பற்றித் தளபதிகள் எழுதிய புத்தகங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பெரியப்பாவுக்கு அதில் சொந்தக் கருத்து எதுவும் கிடையாது. அவருக்குத் தெரிந்தது பலாலி வீதி. பலாலி விமானத் தளத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குள் வரும் சாலை. ரேஷன், தண்ணீர், வெடிமருந்து, திரும்பும்போது காயம்பட்டவர்கள். நவம்பரில் ஒரு காலை, உரும்பிராய்க்குக் கொஞ்சம் முன்னால், அவருக்கு முன்னால் போன வண்டியை ராக்கெட் அடித்தது. தோளில் வைத்துச் சுடுகிற ஆர்.பி.ஜி. பெரியப்பா பிரேக் போட்டார். எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டாவது ராக்கெட் அவருடைய லாரியின் வலப்புற முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சாலை ஓரத்தைத் தாக்கியது. லாரி இடதுபக்கம் சாய்ந்து வாய்க்காலில் கவிழ்ந்தது. காரை எலும்பு முறிவு, முதுகில் கண்ணாடித் துண்டுகள், வலது காதில் ரத்தம். பலாலியிலிருந்து விமானத்தில் மெட்ராஸ், பரங்கிமலை ராணுவ மருத்துவமனை.

இதெல்லாம் அவர் சொல்வது. காகிதம் சொல்வது வேறு.

காகிதத்தில் இப்படி இருக்கிறது: பணியில் இருந்தபோது வாகனம் கட்டுப்பாட்டை இழந்து சாலையோர வாய்க்காலில் கவிழ்ந்ததால் ஏற்பட்ட காயம். அவ்வளவுதான். ராக்கெட் என்ற சொல்லே இல்லை. இதை எழுதியவர் அன்று அந்தச் சாலையில் இல்லை. பெரியப்பா ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தபோது, லாரி சேதமானதற்காக நடந்த விசாரணையின் ஒரு வரியை எடுத்து, காயத்துக்கான படிவத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ராணுவத்தில் ஒரு லாரி தொலைந்தால் கணக்கு முடிக்க வேண்டும். அரசாங்கச் சொத்து. ஆகவே லாரியைப் பற்றி ஏழு பக்கம் இருக்கிறது. டயர்களின் நிலை, ரேடியேட்டர், பேட்டரி எண் எல்லாம் உண்டு. பெரியப்பாவைப் பற்றி ஒரு பக்கம், அதிலும் பாதி அச்சடித்த படிவம். போர் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவரின் அவசரம் எனக்குப் புரிகிறது. அவருடைய மேசையிலும் ஷெல் விழுந்திருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு வரி முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு வீட்டில் உட்கார்ந்து சோறு தின்கிறது.

காரை எலும்பு கூடிவிட்டது. காது கூடவில்லை. மருத்துவக் குழு ஊனம் 15 சதவீதம் என்று எழுதியது. ஊன ஓய்வூதியம் வேண்டுமென்றால் 20 சதவீதம் இருக்க வேண்டும். ஆக அதுவும் இல்லை. 1994இல் பதினேழு வருட சர்வீஸ் முடித்து, சாதாரண ஓய்வூதியத்தோடு, ‘ஸ்ரீலங்கா’ என்று பட்டை போட்ட சிறப்புச் சேவைப் பதக்கத்தோடு ஊருக்கு வந்தார். அந்தப் பதக்கம் அங்கே போன எல்லோருக்கும் உண்டு. அவர் கேட்பது அதுவல்ல. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கும் பராக்கிரம் பதக். பட்டாளத்துக்காரர்கள் அதை இன்னும் ‘வூண்ட் மெடல்’ என்றுதான் சொல்கிறார்கள்.

“அந்த மெடல வச்சு அரிசியா வாங்கப்போறோம்” என்பது பெரியம்மாவின் நிரந்தரக் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் பெரியப்பாவின் பிரச்சினை அரிசி இல்லை. அவர் டிரைவர். ஒரு காலாட்படைக்காரனின் காகிதத்தில் ‘விபத்து’ என்று இருந்தால் அது துரதிர்ஷ்டம். டிரைவரின் காகிதத்தில் ‘விபத்து’ என்று இருந்தால் அது குற்றப்பத்திரிகை. வண்டி கட்டுப்பாட்டை இழந்தது என்றால், இழந்தது யார்? ஓய்வுபெற்று வந்தபிறகு அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டக் கேட்டுப் போனார். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிய ஆள், “மிலிட்டரில ஆக்சிடென்ட் கேஸா நீங்க?” என்று கேட்டிருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. முதல் மனு அதற்கு அடுத்த வாரம் போனது. அதில் பதக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பென்சில் நகல் இன்னும் இருக்கிறது. ‘நான் வண்டியைக் கவிழ்க்கவில்லை’ என்று தமிழில் எழுதி, யாரையோ வைத்து ஆங்கிலம் ஆக்கியிருக்கிறார். பதக்கம் கேட்டால்தான் அந்த வரி மாறும் என்று பின்னால் ஒரு சுபேதார் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து பதக்கம்.

ஊரில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. அமைதிப்படையின் கடைசி வீரர்கள் 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்றுவிட்டு வந்த படையை எப்படி வரவேற்பது என்பது அவருடைய நிலை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அன்று அதை ஒத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலேயே என் அப்பா ஒத்துக்கொண்டார். அண்ணனும் தம்பியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரு வருடம் பேசாமல் சாப்பிட்டதாக அப்பத்தா சொல்லும். நான் கல்லூரியில் படித்த காலம் 2009க்குப் பிந்தையது. விடுதிச் சுவரில் என்ன படம் ஒட்டியிருந்தோம் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்து அதே கையால் பெரியப்பாவுக்காக ‘டைரக்ட் எனிமி ஆக்‌ஷன்’ என்று தட்டச்சு செய்வேன். இரண்டும் எனக்குள் இருந்தன. இன்றும் இருக்கின்றன. சண்டை போட்டுக்கொள்வதில்லை, பேசிக்கொள்வதும் இல்லை. அண்ணன் தம்பி மாதிரி.

1987 அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டது. மறுநாளும் தொடர்ந்தது. நோயாளிகளைத் தவிர, மருத்துவர்களும் தாதியரும் உட்பட ஊழியர்கள் மட்டும் 21 பேர் செத்தார்கள். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. பெரியப்பா அந்தப் பக்கமே போகவில்லை என்பது உண்மை. அந்தப் படைக்கு ரேஷன் கொண்டுபோனது அவருடைய லாரிதான் என்பதும் உண்மை. இதை நான் அவரிடம் ஒருமுறை கேட்டேன். “ரேஷன்னா எல்லாருக்கும்தான் ஆத்தா. அதுல இது இன்னாருக்குன்னு எழுதியிருக்காது” என்றார். சமாதானமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அறந்தாங்கி பக்கத்தில் அழியாநிலையில் ஈழ அகதிகள் முகாம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட வேன் கிடைக்காத பெரியப்பா, ஒரு பழைய டெம்போ வாங்கி மளிகைச் சாமான் அடித்தார். முகாம் வாசலிலும் ஒரு கடைக்கு இறக்க வேண்டும். அங்கே ஒரு பெரியவர் பழக்கமானார். கோப்பாய்க்காரர், பெயிண்டிங் வேலைக்குப் போவார். இரண்டு பேருக்கும் ஒரே வயது. பெரியப்பா தான் யார் என்பதை இரண்டு வருடம் சொல்லவில்லை. அவருக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது. நின்ற நிற்பிலேயே தெரியுமாம். ஒருநாள் டீக்கடையில் பெரியப்பா ஏதோ ஒரு பதில் கடிதத்தைப் படிக்க முடியாமல் முழித்துக்கொண்டிருக்க, அவர் வாங்கிப் படித்துச் சொல்லியிருக்கிறார். நல்ல ஆங்கிலம் அவருக்கு. படித்து முடித்து, மடித்துக் கொடுத்து, கேட்டாராம்: “உங்கட காதுக்கு மனுக் குடுக்க ஒரு கந்தோர் இருக்கு. எங்கட வீட்டுக்கு எந்தக் கந்தோருக்கு எழுதுறது?” அவருடைய வீடு இந்திய ஷெல் விழுந்து இடிந்தது. உள்ளே அவருடைய தங்கை.

பெரியப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். ஆறு மாதம் மனு போகவில்லை. பிறகு போனது. அந்தப் பெரியவரேதான் அடுத்த மனுவின் ஆங்கிலத்தைத் திருத்திக்கொடுத்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு, “பொய் எழுதியிருக்கு எண்டா திருத்தத்தானே வேணும், பிள்ளை” என்றார்.

மனுக்களின் கதை நீளம். சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஏழெட்டுக்குப் பதிலே இல்லை. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரில் லாரியின் ஏழு பக்கமும் கைக்கு வந்தன. நாங்கள் கேட்டது அன்றைய தினத்தின் படைப்பிரிவு நாட்குறிப்பு. அது பற்றிப் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழிக்கப்பட்டன என்று ஒரு கடிதம். எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டவர் 1987இல் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

2011இல்தான் நிஜமான திருப்பம். அன்று லாரியின் பின்னால் காவலுக்கு உட்கார்ந்திருந்த கொல்லத்துக்காரர் ஒருவரின் போன் நம்பர், திருச்சி கேன்டீன் வரிசையில் நின்ற யாரோ ஒருவர் மூலமாகக் கிடைத்தது. பெரியப்பா இடது காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்து என்னைக் கூப்பிட்டார். முகம் வேறு மாதிரி இருந்தது. அந்தக் கொல்லத்துக்காரருக்குத் தொடையில் ராக்கெட் சில்லு. அவருடைய காகிதத்தில் ‘பேட்டில் கேஷுவாலிட்டி’. பதக்கமும் வாங்கிவிட்டார், 1989லேயே. ஒரே லாரி. ஒரே ராக்கெட். பின்னால் இருந்தவர் போரில் காயம்பட்டார், முன்னால் இருந்தவர் வண்டியைக் கவிழ்த்துவிட்டார்.

அவர் பிரமாணப் பத்திரம் எழுதி அனுப்பினார். அதையும் அவருடைய காகிதத்தின் நகலையும் இணைத்து மனுப் போட்டோம். பதில் எட்டு மாதம் கழித்து வந்தது. ஒருவருடைய ஆவணம் மற்றொருவருக்குச் சான்றாகாது. மேலும், காலதாமதம்.

2018 நவம்பரில் கஜா. எங்கள் தென்னைகளோடு ஓட்டு வீட்டின் பாதியும் போனது. டிரங்குப் பெட்டி தண்ணீரில் கிடந்தது. பெரியப்பா விழுந்த மரங்களைப் பார்க்கவில்லை. மின்சாரம் இல்லாத அந்தப் பத்துப் பதினைந்து நாட்களும், வெயில் வரும்போதெல்லாம் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திண்ணையில் பரப்பிக் கல் வைத்துக் காயப்போட்டார். நிவாரணக் கணக்கெடுக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டுப் பட்டா என்று நினைத்து நகல் கேட்டார்.

2020 ஜனவரி 8 அன்று ஈராக்கில் இருந்த அமெரிக்காவின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் பத்துக்கும் மேற்பட்ட பாலிஸ்டிக் ஏவுகணைகளை வீசியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார் ட்ரம்ப். சில நாட்களில் ஆட்களை ஜெர்மனிக்குச் சிகிச்சைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தலைவலி என்று கேள்விப்பட்டேன், பெரிய விஷயமில்லை என்றார் ட்ரம்ப். கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளையில் அதிர்ச்சிக் காயம் என்று உறுதியானது. சண்டையில் காயம்பட்டால் அங்கே கொடுப்பது பர்ப்பிள் ஹார்ட். முதலில் கொடுத்தது 29 பேருக்கு மட்டும். மற்றவர்களுக்குக் கிடைக்காததை ஒரு தொலைக்காட்சி விசாரித்து வெளியிட்டபிறகு, 2021 டிசம்பரில் மேலும் 39 பேருக்குக் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியைப் பெரியப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். “ரத்தம் வரல, அதான் நம்பல” என்றார் உடனே. விஷயம் அதுதான். வெடிப்பின் அலை தோலைக் கிழிக்காமல் உள்ளே போகும். காற்று இருக்கிற இடத்தைத் தேடிப்போகும். காது, நுரையீரல், குடல். மனித உடம்பில் அதற்கு முதலில் கிழிவது செவிப்பறை. முதல் உலகப்போரில் பதுங்குகுழியிலிருந்து கீறல்கூட இல்லாமல் நடுங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து, சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். அவர்களில் பலரைக் கோழை என்றது அன்றைய ராணுவம். நூறு வருடம் கழித்துத் தலைவலி என்றது. சொல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். லாரி கவிழ்ந்தால் காரை எலும்பு முறியும். முதுகில் கண்ணாடி குத்தும். ஆனால் இடதுபக்கம் சாய்ந்து விழுந்த லாரியில், தலையில் அடியில்லாமல், வலது காதின் செவிப்பறை மட்டும் எப்படிக் கிழியும்? இந்த ஒரு கேள்வியை எங்கள் எந்த மனுவும் கேட்கவில்லை என்பதைப் புதுக்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்தான் சொன்னார். ஆடியோகிராம் எடுத்து, வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டி, ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தார். கட்டணம் வாங்கவில்லை.

“அமெரிக்காக்காரனுக்கு எத்தன வருசம் ஆச்சு?” என்றார் பெரியப்பா.

“ரெண்டு.”

“டிவிக்காரன் வந்தானாக்கும்.”

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009இலிருந்து இயங்குகிறது. சென்னையில் ஒரு அமர்வு இருக்கிறது. போன வருடம் அங்கே போவதென்று முடிவெடுத்தோம். வக்கீல் இளைஞர், முன்னாள் ராணுவக் குடும்பம். டாக்டர் எழுதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ராக்கெட் தற்செயலாக விழவில்லை, அந்த லாரியைக் குறிவைத்ததுதான் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, என் அப்பாவிடமோ பெரியம்மாவிடமோ என்னிடமோ இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

முன்வண்டி எரிய ஆரம்பித்து, எஞ்சின் நின்றுபோன அந்த சில நொடிகளில், பனந்தோப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது. சின்னப் பையனின் குரல். “அண்ணை, பின்னால நிக்கிறதுக்கும் போடுங்கோ.” லாரியில் இருந்த மற்ற யாருக்கும் அது புரிந்திருக்காது. கொல்லத்துக்காரருக்கு ஒருவேளை புரிந்திருக்கும், ஆனால் அவர் இரைச்சலில் கவனிக்கவில்லை. பெரியப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரிந்து கதவில் கை வைப்பதற்குள் அடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு அதிகாரி வந்து, நீ தமிழன்தானே, அவர்கள் ஏதாவது பேசியது கேட்டதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டார்.

“ஏன் சொல்லல?” என்று வக்கீல் கேட்டார்.

“பதினாலு பதினஞ்சு வயசுதான் சார் இருக்கும். நம்ம பய குரல் மாதிரி இருந்துச்சு. அதப்போயி ஆபீசர்கிட்ட…” என்று நிறுத்திக்கொண்டார்.

இதைப் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்கலாமா என்று அவர்கள் இரண்டு பேரும் வாதாடினார்கள். இவ்வளவு வருடம் கழித்துச் சொன்னால் நம்புவார்களா என்பது வக்கீலின் கவலை. சேர்க்காவிட்டால் இத்தனை வருடம் எதற்கு எழுதினேன் என்பது பெரியப்பாவின் கட்சி. அவர் ஜெயித்தார். நான் தட்டச்சு செய்தேன். வழக்கமான இடத்தில் ‘எனிமி’ வந்தது. வரைவைத் தமிழில் சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த இடத்தில் கையைத் தூக்கினார்.

“எதிரின்னு போட்டாத்தான் மெடல் குடுப்பாங்களா?”

“விதியில அந்த வார்த்தைதான் இருக்கு, பெரியப்பா.”

“சரி, அது அவங்க வார்த்த. இருக்கட்டும்.” கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பய சொன்னத எப்படிப் போட்டிருக்க?”

ஆங்கிலத்தில் போட்டிருந்ததைப் படித்தேன். ‘அண்ணை’ என்பது ‘பிரதர்’ ஆகியிருந்தது. அது வேண்டாம் என்றார். அவன் சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும் என்றார். தீர்ப்பாயத்தில் ஆங்கிலம்தான் என்று வக்கீல் போனில் விளக்கினார். கடைசியில் அந்த ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் அப்படியே தட்டச்சு செய்து, அதற்குக் கீழே மொழிபெயர்ப்பு போடுவதென்று முடிவாயிற்று. யாழ்ப்பாணப் பேச்சு சரியாக இருக்கிறதா என்று அழியாநிலைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பச்சைத்துணி கட்டியிருந்தது. நான் வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். “‘போடுங்கோ’ இல்லை. பெடியள் ‘அடியுங்கோ’ எண்டுதான் சொல்லுவாங்கள்” என்றார்.

“இல்ல, ‘போடுங்கோ’ன்னுதான் சொன்னான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு” என்றார் பெரியப்பா.

அப்படியே விட்டோம். நோட்டரி முத்திரை வைத்து, மறுநாள் காலை அறந்தாங்கி தபால் நிலையத்தில் கொடுத்தோம். எடை 340 கிராம் இருந்தது. ரசீதைப் பெரியப்பா பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கஜாவுக்குப் பிறகு வாங்கிய புதுப் பெட்டியில் மற்ற பதினெட்டோடு சேர்த்தார். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.